அமாவாசைக் கடை

பெயர்ப்பலகையில் நியூ மூன்.
தமிழில் சொன்னால் அமாவாசை.
அந்தப் பெயருக்குக் கீழே
சிவப்புச் சாறு சொட்டச் சொட்டப்
பன்றி விலா விற்கிறார் ஃபூங்,
செவ்வாய் தவிர எல்லா நாளும்.

நான் எதிர்ப்பக்கம்,
பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை.
சஸ்காச்சுவானில் வில்மர்ட்டன் என்று ஓர் ஊர்;
கண் சிமிட்டினால் நெடுஞ்சாலையில் தவறவிடுவீர்கள்.
ஃபூங்கிடம் மேசை கிடையாது, ஒரு சன்னல்தான்.
பொட்டலத்தை வாங்கிக்கொண்டு
என் விளக்கு வெளிச்சத்தில் பிக்கப்பை நிறுத்தி
எஞ்சினை அணைக்காமல் சாப்பிடுவார்கள்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பிறகு கை துடைக்க டிஷ்யூ கேட்டு உள்ளே வந்து
ஓர் அபிப்பிராயத்தை வைத்துவிட்டுப் போவார்கள்.

எக் ரோல் சின்னதாகிவிட்டது என்கிறார் டேரில்.
சுட்டுவிரலை நீட்டி, முன்பு இவ்வளவு என்று காட்டுகிறார்.
போன மாதம் காட்டியது சின்னிவிரல்.
எக் ரோல் தேயத் தேய
அவர் ஞாபகத்தில் அது வளர்கிறது.

எலுமிச்சைக் கோழியின் குழம்பில்
கரண்டி நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவு சோளமா,
என்று மிஸஸ் ஹ்ரினியுக்
வெள்ளிதோறும் சொல்கிறாள்.
வெள்ளிதோறும் வாங்குகிறாள்.

அந்தாள் சிரிப்பதே இல்லை என்பது
ஹொக்கிப் பயிற்சியாளரின் குறை.
ஆஸ்பத்திரி மரிசெல்லுக்கு
வெறும் சோற்றுக்கு நாலு டொலரா என்று ஆத்திரம்.
மணிலாவும் வவுனியாவும்
அந்த ஒரு நிமிடம் ஒரே கட்சி.

புதிதாக வந்த பாதிரியார்
எல்லாமே அருமை என்றார்.
ஊர் அவரை இன்னும் நம்பவில்லை.

உலை வாயை மூடலாம்,
ஊர் வாயை மூட முடியாது என்பார்கள்.
ஃபூங்கின் இரும்புச் சட்டிக்கோ
மூடியே இல்லை.
தீ எழும்பி அடங்குவது இங்கிருந்தே தெரியும்.

என் பங்கும் உண்டு.
காரம் காணாது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.
அவர் தலை நிமிரவில்லை.
அடுத்த முறை பைக்குள் ஒரு சின்னக் கிண்ணம்,
எண்ணெயில் மிதக்கும் மிளகாய்.
கண் கலங்கியது,
காரத்தால்தான்.
பில்லில் எழுபத்தைந்து சதம் ஏறியிருந்தது.

நேற்று பன்னிரண்டு தாண்டிக்
கதவு மணி அடிக்க அவரே வந்தார்,
ஏப்ரனுக்கு மேலே கோட்டுடன்.
குளிர்பெட்டியில் கிடந்த பரிட்டோ ஒன்றை எடுத்து
மைக்ரோவேவில் சுழலவிட்டு
நின்றபடியே தின்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே தொடங்கினார்.
டேரில் பத்தொன்பது வருஷமாகப் பதினான்காம் இலக்கம்.
மூன்று தடவை சமையலை மாற்றினேன்,
அவனுக்குத் தெரியவே இல்லை.
எக் ரோல் மட்டும் அன்று தொட்டு அதே அளவு.
ஹ்ரினியுக் சில்லறையை எண்ணி வைத்துக்கொண்டு வருவாள்,
நல்லவள்.
பயிற்சியாளன் தோற்ற இரவுகளில் மட்டும் டிப்ஸ் வைப்பான்,
இந்த வருஷம் பரவாயில்லை.
அந்தப் பாதிரியார்
பாதியை உன் குப்பைத் தொட்டியில்தான் போடுகிறார்,
சன்னலால் பார்க்கிறேன்.

நான் எப்படி என்றேன்.

நீ போன் பண்ணிவிட்டு
இந்தக் கண்ணாடியோடு ஒட்டி நின்று
என்னையே பார்க்கிறாய்.
நாயை அவிழ்த்துவிட்டதுபோல
கை பதறுகிறது.

பிறகு கையில் மிஞ்சியதை உயர்த்திக் காட்டி
உப்புக் கூட என்றார்.
நான் செய்ததில்லையே என்றேன்.
தெரியும், என்றார்,
யாரிடமாவது சொல்லவேண்டுமே.

மூன்று டொலர் ஐம்பது.
எண்ணி வைத்துவிட்டு
ஒரு டிஷ்யூவை உருவிக்கொண்டு
பனியைக் கடந்து போனார்.

பலகையில் 'நியூ' பியூஸ் போயிருந்தது,
'மூன்' மட்டும் எரிந்தது.
அதற்கும் நாளைக்கு
டேரில் ஏதாவது சொல்வார்.